வீட்டுக்குள் முளைத்த நாற்றுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெளிச்சம்?

கத்தரி, தக்காளி, மிளகாய் விதை முளைக்காமல் போவது அபூர்வம். விதை புதுசாக இருந்து, 25 முதல் 30 டிகிரி வரை சூடும் இருந்தால் தக்காளி ஐந்தாறு நாளில் தலைகாட்டிவிடும். கத்தரிக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மிளகாய் சில சமயம் இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் இந்தச் சூட்டுக்கு வருஷம் முழுக்கப் பஞ்சமே கிடையாது. சிக்கலெல்லாம் முளைத்த மறுநாள்தான் ஆரம்பிக்கிறது. ஒரு வாரத்துக்குள் பாதி நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும், மீதிப் பாதி கழுத்தறுந்து படுத்துவிடும். உடனே விதைக் கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் அவர்மேல் குற்றமில்லை.

வீட்டுக்குள் சாகிற நாற்று தாகத்தால் சாவது ரொம்பக் குறைவு. மங்கலான இடத்தில் வைத்துத் தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுவதால்தான் சாகிறது. ஒரு நாற்று எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை அதற்குக் கிடைக்கிற வெளிச்சம்தான் தீர்மானிக்கிறது. வெளிச்சம் பட்டால் இலைத்துளை திறக்கும், நீர் ஆவியாகும், வேர் கீழேயிருந்து இழுக்கும். வெளிச்சம் இல்லையென்றால் இந்த ஓட்டமே நின்றுபோகும். ஊற்றிய தண்ணீர் அப்படியே ஊடகத்தில், அதாவது நாற்று வளர மண்ணுக்குப் பதிலாக நிரப்பும் கலவையில் தேங்கி, காற்று இருக்க வேண்டிய இடுக்கையெல்லாம் அடைத்துக்கொள்ளும். வேர் மூச்சுவிட முடியாமல் பழுப்பாகும். அழுகல் பூஞ்சணம் அந்த ஈரத்திலேயே நீந்தி வந்து ஒட்டும். அதனால் "தினம் ஒரு வேளையா, இரண்டு வேளையா?" என்று கேட்பதற்கு முன்னால் நாற்று எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் நாற்றை உள்ளே வைத்து வளர்க்கக் காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை இரண்டு இலை நாற்றை அடித்துச் சேற்றில் புதைத்துவிடும். சித்திரை வெயில் பொசுக்கிவிடும். கொல்லையில் அணில், நத்தை, கீரை விதையை வரிசையாகத் தூக்கிப் போகும் எறும்பு. உள்ளே வைப்பது சரிதான். ஆனால் உள்ளே என்பதில் பல மாதிரி உண்டு.

முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. முற்றத்தை ஒட்டிய தாழ்வார ஓரம்தான் டெல்டாவிலேயே நாற்றுக்கு மிகச் சிறந்த இடம். வெளிச்சம் மேலேயிருந்து இறங்குகிறது, நேர்வெயில் ஓரிரு மணி நேரம் மட்டும் படுகிறது, காற்றும் ஓடுகிறது. ஓட்டு விளிம்பிலிருந்து மழை சொட்டும் கோட்டுக்கு ஓரடி உள்ளே தள்ளி வையுங்கள், அது போதும். திண்ணை இரண்டாவது. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருவதால் தட்டைத் தினமும் காலையில் அரைச்சுற்று திருப்ப வேண்டும். கூடத்தின் நடுவில் இருக்கிற மேஜையும் சாமி அலமாரிப் பக்கமும் நாற்றுக்கு ஆகாது. நம் கண் சட்டென்று பழகிக்கொள்வதால் அந்த இடங்கள் வெளிச்சமாகத் தெரியும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; அளந்து பார்த்தால் அங்கே 200, 300 லக்ஸ்தான் இருக்கும். வெளியே உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். முளைத்த நாற்று குட்டையாக, தண்டு தடித்து வளர ஏறக்குறைய 10,000 லக்ஸாவது வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியில் லக்ஸ் அளக்கும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. கைபேசியை இலை உயரத்தில், திரை மேலே பார்க்கும்படி வைத்து அளந்தால் தோராயமான கணக்கு கிடைத்துவிடும்.

செயலி இல்லையா? மத்தியானம் நாற்றுக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி நிழல் விழுந்தால் போதுமான வெளிச்சம். கை மட்டும் மங்கலாகத் தெரிந்தால் கீரை ஒருவழியாகத் தேறும், தக்காளி நீளும். நிழலே விழவில்லை என்றால் அந்த இடத்தில் விளக்கு இல்லாமல் எதுவும் வளராது.

ஜன்னல் விஷயத்தில் ஒரு தவறான பாடம் பரவியிருக்கிறது. நாற்றுக்குத் தெற்கு ஜன்னல்தான் சிறந்தது என்று காணொளிகளில் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரிக்கும் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆடிப்பட்டத்துக்கு விதை போட்டுத் தெற்கு ஜன்னலில் வைத்தால் ஒரு கீற்று வெயில்கூட உள்ளே வராது. அந்த மாதங்களில் கிழக்கு ஜன்னல்தான் கைகொடுக்கும்: ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை இளவெயில், அப்புறம் வானத்து வெளிச்சம். மேற்கு ஜன்னலிலும் வெயில் விழும், ஆனால் அது மூன்று மணிக் கொதி வெயில். சின்னக் கப்பில் இருக்கிற ஊடகம் சூடேறி வேர் வாடிப்போகும்.

தெற்கு ஜன்னலின் காலம் மார்கழி, தை. அப்போதும் சன்ஷேடு குறுக்கே வரும். இரண்டடி நீட்டிய சன்ஷேடுக்குக் கீழே நான்கடி ஜன்னல் என்றால், மார்கழி உச்சிவெயிலில் மேலே மூன்றடி நிழல், கீழே ஓரடிக்குத்தான் வெயில். ஆகவே தட்டு ஜன்னல் விளிம்பிலேயே, கம்பியை ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டடி உள்ளே தள்ளி ஸ்டூல் போட்டு வைத்தால் பிரயோஜனம் இல்லை. தூசி படிந்த கொசுவலை கணிசமான வெளிச்சத்தைத் தின்றுவிடும், பகலில் அதைத் திறந்துவையுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட புது வீட்டு ஜன்னல் என்றால் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். தட்டுக்கு அந்தப் பக்கம், அறையைப் பார்த்த பக்கத்தில், ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைச் செங்குத்தாக நிறுத்தினால் திரும்பி அடிக்கிற வெளிச்சத்தில் சாய்வு நன்றாகவே குறையும்.

ஜன்னல் சரிப்படாதவர்களுக்கும், கார்த்திகையில் நாலைந்து நாள் சூரியனே எட்டிப் பார்க்காத சமயத்துக்கும் விளக்குதான் வழி. ஊதா நிறத்தில் எரிகிற விசேஷ விளக்கு வாங்க வேண்டிய அவசியமில்லை. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற நான்கடி, 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் இரண்டு போதும். பெட்டியில் 6500 கே என்று போட்டிருக்கிற வெள்ளை ஒளி வாங்குங்கள். மஞ்சள் ஒளியில் நீலப் பங்கு குறைவு, நீலம் குறைந்தால் தண்டு நீளும். பழைய குண்டு பல்பு சூட்டைத்தான் கொடுக்கும், அதை நினைக்கவே வேண்டாம்.

இரண்டு டியூப்பையும் 10 செ.மீ. இடைவெளியில் இணையாக மாட்டி, நாற்றின் நுனிக்கு 10 செ.மீ. மேலே வருமாறு வைத்தால் ஏறக்குறைய 10,000 லக்ஸ் கிடைக்கும். நான்கு விரலை ஒட்டிவைத்தால் வருகிற அகலத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் தூரம். பலர் உத்தரத்தில் மாட்டிய டியூப்புக்குக் கீழே, ஆறடி தள்ளித் தட்டை வைத்துவிட்டு "லைட் போட்டும் நீள்கிறதே" என்பார்கள். நீளமான விளக்குக்குப் பக்கத்தில் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதியாகும், தூரம் போகப் போக இன்னும் வேகமாகச் சரியும். ஆறடியில் மிஞ்சுவது இருநூறோ முந்நூறோதான். எல்.இ.டி. சுடாது என்பதால் கிட்டே வைக்கப் பயப்பட வேண்டாம், இலை விளக்கில் முட்டாமல் இருந்தால் சரி. விளக்கை ஏற்றி இறக்கச் சங்கிலி இல்லையென்றால் விளக்கை ஒரே உயரத்தில் கட்டிவிட்டு, தட்டுக்கு அடியில் செங்கல் அடுக்குங்கள். நாற்று வளர வளர ஒவ்வொரு கல்லாக உருவினால் மூன்று மூன்று அங்குலமாக இறங்கும். 98 குழி கொண்ட குழித்தட்டு இரண்டை நீளவாக்கில் வைத்தால் நான்கடி விளக்குக்கு அடங்கிவிடும். விளக்கின் இரு முனைகளிலும் வெளிச்சம் குறைவு, ஆகவே இரண்டு நாளைக்கு ஒருமுறை ஓரத்துப் பக்கத்தை நடுவுக்குத் திருப்பி வையுங்கள்.

காலை ஆறு முதல் இரவு எட்டு வரை, 14 மணி நேரம் எரியட்டும். கூடுதலாக வேண்டுமென்றால் 16 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ராத்திரியும் விட்டுவைத்தால் தக்காளி இலை புள்ளி புள்ளியாக வெளிறும், அதற்கு இருட்டும் தேவை. 40 வாட், 14 மணி நேரம் என்றால் நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேலே, மாதத்துக்கு 17 யூனிட். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரம் நிறுத்துகிற நாளில் நாற்று ஒன்றும் ஆகிவிடாது. அன்றைக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருங்கள்.

எப்போது விளக்குக்குக் கீழே கொண்டுவருவது? இதில் ஒரு நாள் தாமதம்கூடக் கூடாது. விதை போட்ட தட்டை மூடி வைத்திருப்பீர்கள். தினமும் காலையும் மாலையும் திறந்து பாருங்கள். முதல் நாற்று மேல்தோலை முட்டி, வெளிர்ப்பச்சைக் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும், தலை இன்னும் உள்ளேயே இருக்கும். அந்தக் கொக்கி பத்தில் ஒன்றில் தெரிந்தால்கூட மூடியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திருந்தால் முதலில் முளைத்தவை இருட்டில் ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று செ.மீ. நீண்டுவிடும். நீண்ட தண்டு திரும்பக் குறுகாது. தக்காளியை மட்டும் மறுநடவில் விதையிலை (முளைத்ததும் முதலில் விரிகிற இலை ஜோடி) வரை புதைத்துக் காப்பாற்றலாம், புதைந்த தண்டிலும் வேர்விடும். கத்தரி, மிளகாயில் அந்த அளவுக்கு நம்ப முடியாது. சுரை, பூசணி, பீர்க்கனை அப்படிப் புதைத்தால் தண்டு அழுகும்.

மிளகாயில் சில நாற்று விதைத்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டே வரும். பிடுங்காதீர்கள், விதையிலையும் சேர்ந்து வந்துவிடும். தொப்பியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அரைமணி கழித்து இன்னொரு சொட்டு வையுங்கள். ஊறியதும் தானே கழன்றுவிடும். மேலாக விதைத்ததும் முளைக்கிற நேரத்தில் மேல்பரப்பு காய்ந்ததும்தான் இதற்குக் காரணம். அரை செ.மீ. ஆழம் வைத்தால் மண்ணே தோலை உரித்துவிடும்.

இனி தண்ணீர். முதலில் எதில் வளர்க்கிறீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். நம் வயல் வண்டலும் களியும் நெல்லுக்குப் பொன். கப்பில் நிரப்பினால் நனைந்தபோது குழைந்து காற்றை அடைக்கும், காய்ந்தபோது பாளம் பாளமாக வெடித்து இளவேரை அறுக்கும். தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, இதுவே போதும். 650 கிராம் நார்க்கழிவுக் கட்டிக்கு மூன்றரை, நாலு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் எட்டு ஒன்பது லிட்டராக உப்பும். ஒரு குழித்தட்டுக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் பிடிக்கும். புதுக் கட்டியில் உப்பு இருக்கும். துணியில் கட்டி இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், செம்பழுப்புச் சாறு வெளுத்த டீ நிறத்துக்கு வரும் வரை.

நார்க்கழிவு ஏமாற்றுகிற ஊடகம். அதன் மேல்பரப்பு காலையில் ஊற்றினால் மத்தியானமே வெளுத்துக் காய்ந்த மாதிரி தெரியும், அடியில் சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்து ஊற்றுகிறவர்கள்தான் நாற்றை மூழ்கடிக்கிறார்கள். தட்டைத் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைத்து வடிந்த பிறகு ஒருமுறை தூக்கி அந்தக் கனத்தைக் கையில் பதியவைத்துக்கொண்டால் அப்புறம் தூக்கியவுடனே தெரிந்துவிடும். சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் சுலபம்: வடிந்த கப்பின் எடையைக் குறித்துக்கொண்டு, அதில் கால் பங்கு குறைந்ததும் தண்ணீர் கொடுங்கள். 160 கிராம் கப் 120-க்கு வந்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை மேல்பரப்பு எவ்வளவு வெளுத்தாலும் பொறுக்கலாம்.

அதிகாலையில் இன்னொரு அடையாளம் பார்க்கலாம். தக்காளி நாற்றின் இலை ஓரங்களில், ஒவ்வொரு கூர் நுனியிலும் கடுகளவு நீர்த்துளி நிற்கும். பனி என்று நினைப்போம், வீட்டுக்குள் பனி ஏது? ராத்திரி வேர் இழுத்த தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் நுனி வழியே வெளியே தள்ளப்பட்டது அது. அந்தத் துளி தெரிகிற காலையில் தண்ணீர் வேண்டாம்.

அளவு என்று கேட்டால்: கொக்கி நிமிர்ந்து விதையிலை விரிகிற முதல் நான்கைந்து நாள், 200 மி.லி. காகிதக் கப்புக்கு 15 மி.லி. போதும், அதுவும் கனம் குறைந்திருந்தால் மட்டும். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை இதற்கு அருமையான கருவி. மூக்கு வழியே நூலாக இறங்கும், ஓரமாகச் சுற்றி ஊற்றலாம், கழுத்து நனையாது. இருமல் மருந்து பாட்டிலின் கோடு போட்ட மூடியில் அளந்துகொள்ளலாம். சொம்பில் மொண்டு ஊற்றினால் நாற்று சாய்ந்து, வேர் வெளியே வந்துவிடும். விதையிலைக்கு அடுத்து வருகிற உண்மையிலை இரண்டு வந்த பிறகு 30, 40 மி.லி. ஊற்றி, அடித்துளையில் சொட்டுகிற வரை நனையுங்கள், அப்புறம் கனம் குறையும் வரை தொடாதீர்கள். குழித்தட்டின் ஒரு குழி 25, 30 மி.லி.தான் கொள்ளும், அதற்கு ஒரு வேளைக்கு நாலைந்து மி.லி. போதும். முழுத் தட்டுக்கு வெளிச்சமான நாளில் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை போகும். மூடிய வானம் என்றால் அதில் பாதி, அல்லது ஒன்றுமே வேண்டாம்.

அடியிலிருந்து குடிக்க வைப்பது எனக்கு மிகவும் பிடித்த முறை. அகலமான தாம்பாளத்தில் ஒரு செ.மீ. உயரம் தண்ணீர் ஊற்றி, துளையிட்ட கப்புகளை அதில் நிறுத்துங்கள். 15, 20 நிமிடத்தில் மேல்பரப்பு கருக்கும். கருத்ததும் எடுத்துச் சாய்த்து வடியவிடுங்கள். மறந்து ராத்திரி முழுக்க அதிலேயே விட்டால் அழுகல் நிச்சயம். கப்பின் துளை அடியில் மட்டும் இருந்தால் தரையில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். ஆணியைச் சூடுகாட்டி அடியில் மூன்று, அடியை ஒட்டிப் பக்கவாட்டில் இரண்டு போடுங்கள். இந்த முறையில் உப்பு மேலே ஏறிச் சேரும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை மேலிருந்து ஊற்றி அலசிவிட வேண்டும்.

கைத்தெளிப்பானால் தினமும் புசுபுசுவென்று அடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இலையும் கழுத்தும் நனைகின்றன, வேர் காய்கிறது. முளைக்கும் முன் மேல்பரப்பைக் காயாமல் வைக்க அது சரி, முளைத்த பிறகு ஓரம்கட்டிவிடுங்கள். கொஞ்சம் வளர்ந்த நாற்றுத் தட்டுக்கு மெல்லிய துளையுள்ள பூவாளி போதும்.

நேரம் காலைதான். சாயங்காலம் ஊற்றினால் கழுத்தைச் சுற்றிய ஈரம் ராத்திரி முழுக்க நிற்கும், கார்த்திகைப் புழுக்கத்தில் அது போதும் அழுகலுக்கு. சித்திரை, வைகாசியில் மட்டும் மூன்று மணிக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்து, கனம் விட்டிருந்தால் கொஞ்சம் கொடுக்கலாம். அந்த மாதங்களில் மொட்டை மாடி டேங்க் தண்ணீரை நேராகப் பிடித்து ஊற்றாதீர்கள். கறுப்பு பிளாஸ்டிக் டேங்க்கிலிருந்து மத்தியானம் வருகிற தண்ணீர் கையே சுடும், இளவேர் என்னாகும்! முதல்நாளே குடத்தில் பிடித்து வீட்டுக்குள் வைத்த தண்ணீர்தான் நல்லது. ஆடியில் இதற்கு நேர்மாறாக ஒரு தொல்லை: அம்மியையே பறக்கவிடும் காற்று ஜன்னல் வழியாக அடித்துக் கப்பை இரண்டு மணி நேரத்தில் உலர்த்திவிடும். வெளிச்சத்துக்காக ஜன்னல் விளிம்பில் வைத்த தட்டுக்கு ஆடியில் ஒரு நாளில் இரண்டு முறை கனம் பார்க்க வேண்டும்.

தண்ணீரின் தரம் கடற்கரை ஓரத்தில் பெரிய விஷயம். நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடிப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 500-க்குள் இருந்தால் கவலை வேண்டாம், ஆயிரத்தைத் தாண்டினால் நாற்றுக்கு ஊற்றாதீர்கள். இலை நுனி பழுப்பாகிக் கருகுவதும், ஊடகத்தின் மேல் வெள்ளைப் படலம் பூப்பதும் உப்பின் வேலை. நாற்று வாடியிருக்கிறது, தண்ணீர் போதவில்லை என்று அதே உப்புத் தண்ணீரை மேலும் ஊற்றினால் இன்னும் வாடும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், சிறு நாற்றுக்கு எவ்வளவு தேவைப்பட்டுவிடப் போகிறது? இரண்டு குடம் ஒரு தட்டை ஒரு மாதம் தாங்கும். ஆர்.ஓ. கருவி ஒதுக்கித்தள்ளும் கழிவு நீரில் உப்பு செறிந்திருக்கும், அதைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம், நாற்றுக்கு வேண்டாம். குழாயில் வரும் குடிநீரின் குளோரினுக்குப் பயப்படத் தேவையில்லை, ஒரு ராத்திரி திறந்த பாத்திரத்தில் வைத்தால் தாராளம்.

இவ்வளவுக்குப் பிறகும் நாற்றழுகல் வரும். அதன் முகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நேற்றுவரை நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்திருக்கும், இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். மண்ணை ஒட்டிய கழுத்தில் இரண்டு மூன்று மி.மீ. அளவு நீர்கோத்த மாதிரி கண்ணாடியாகி, பழுத்து, நூலாகச் சுருங்கியிருக்கும். விரலால் தொட்டால் அங்கே மட்டும் நசுங்கும். தாகத்தில் வாடிய நாற்றில் தண்டு முழுக்கத் தொய்ந்திருக்கும், கழுத்து உறுதியாக இருக்கும். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு அழுகலுக்குத் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் பக்கத்து வரிசையும் போய்விடும். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற பூஞ்சண வகைகள்தான் காரணம். குழி குழியாக இருக்கிற தட்டைவிட, ஒரே தொட்டியில் நெருக்கி விதைத்த நாற்றில் இது வட்டம் வட்டமாகப் பரவும்.

படுத்ததைக் காப்பாற்ற வழியில்லை. அதையும் சுற்றியுள்ள ஊடகத்தையும் கரண்டியால் எடுத்து வெளியே போடுங்கள். மீதிக்கு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள், தட்டை வெளிச்சத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோங்கள். பரவல் நிற்கவில்லை என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லியை ஒரு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். மருந்தைவிட முன்னேற்பாடு மலிவு. விதைக்கும்போதே, அழுகல் பூஞ்சணத்தை அடக்குகிற நல்ல பூஞ்சணமான டிரைக்கோடெர்மா விரிடி பொடியைச் சேர்க்கலாம், ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு. வீட்டு அளவில் ஒரு பொட்டல விதைக்கு ஒரு சிட்டிகை என்று வைத்துக்கொண்டு, சோறு வடித்த கஞ்சி இரண்டு சொட்டு விட்டுப் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். இதையும் காப்பர் மருந்தையும் ஒன்றாக ஊற்றக் கூடாது. முளைத்தவுடன் நாற்றின் கழுத்தைச் சுற்றி அரை செ.மீ. கனத்துக்கு, கழுவிக் காயவைத்த பருத்த ஆற்று மணல் தூவுவது மிக நல்ல பழக்கம். மணல் சீக்கிரம் காய்வதால் கழுத்து உலர்ந்தே இருக்கும். ஈரத்தைத் தேடி வந்து முட்டையிடுகிற, கொசுவைவிடச் சின்னக் கறுப்பு ஈக்கும் அங்கே இடம் கிடைக்காது. அந்த ஈயின் புழு இளவேரைத் தின்னும், ஈ பறக்கிறது என்றாலே தண்ணீர் கூடுதல் என்று அர்த்தம். அடுப்புச் சாம்பல் தூவுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வயல் நாற்றங்காலில் அது சரிப்படலாம். சின்னக் குழியில் சாம்பலின் உப்பும் காரமும் வேரில் நேராகப் போய்ச் சேர்வதால் நான் சொல்ல மாட்டேன்.

உள்ளே வளர்கிற நாற்றுக்குக் காற்றின் அசைவு தெரியாது, தண்டு சோம்பேறியாகிவிடும். தினமும் ஒரு வேளை உள்ளங்கையை நாற்றின் தலைமேல் வைத்து, மயிலிறகு தடவுவது போல முன்னும் பின்னும் பத்திருபது தடவை தடவிக்கொடுங்கள். தக்காளியில் இதன் பலன் நன்றாகவே தெரியும், குட்டையாகத் தடித்து நிற்கும். நனைந்த இலையைத் தடவ வேண்டாம்.

உரம் அவசரமில்லை. விதையிலையில் இருக்கிற சேமிப்பு முதல் பத்து நாளுக்குப் போதும். இரண்டாவது ஜோடி உண்மையிலை வரும்போது 19:19:19 என்ற (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள) நீரில் கரையும் உரம் ஒரு லிட்டருக்கு ஒரு கிராம், வாரத்துக்கு ஒருமுறை, அன்றைய தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுங்கள். நிழல்வலைக் கூடத்தில் நாற்று விற்பவர்கள் லிட்டருக்கு ஐந்து கிராம் வரை ஊற்றுவார்கள். அங்கே இருக்கிற வெளிச்சம் வேறு. மங்கலான வீட்டுக்குள் அதே அளவு கொடுத்தால் நாற்று சதைப்பிடிப்பில்லாமல் நீளும்.

தக்காளி 25 நாள், கத்தரி 30, 35, மிளகாய் 35, 40 நாளில் நடவுக்குத் தயார். அதற்குப் பத்து நாள் முன்னாலேயே வெளியே பழக்க வேண்டும். 10,000 லக்ஸில் வளர்ந்ததை ஒரேயடியாக லட்சத்தில் வைத்தால் மறுநாளே இலையில் வெள்ளைக் காகிதம் ஒட்டிய மாதிரி திட்டு விழும். அந்தத் திட்டு ஆறாது, புது இலைதான் வர வேண்டும். முதல் இரண்டு நாள் காலை ஏழிலிருந்து எட்டு வரை மட்டும், அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போங்கள். பங்குனி, சித்திரையில் பதினொரு மணிக்கு மேல் தென்னங்கீற்று நிழலுக்குள் இழுத்துவிடுங்கள். வெளியே போன நாளிலிருந்து தண்ணீர்க் கணக்கு மாறும். உள்ளே இரண்டு நாளைக்கு ஒருமுறை குடித்த கப் இப்போது தினமும் கேட்கும், காற்றடித்தால் இருவேளையும் கேட்கும். மறுபடி கனம்தான் வழிகாட்டி.

நடவு வெயில் தாழ்ந்து நாலரை மணிக்கு மேல். ஒரு மணி நேரம் முன்னால் தட்டை நன்றாக நனைத்துவிட்டால் வேர்ப்பந்து உதிராமல், குழியை அடியிலிருந்து ஒரு விரல் அமுக்கியதும் முழுசாக வந்துவிடும். நட்ட குழிக்கு அரை லிட்டர் ஊற்றி, மூன்று நாளைக்குப் பூவரச இலையோ ஓலைத்துண்டோ மேற்குப் பக்கமாகச் சொருகிவையுங்கள்.